இதயத்திற்கு ஒரு கிண்ணம் கஞ்சி

காலை உணவு என்றதும் நம் நினைவிற்கு வருபவை இட்டலியும் தோசையும் பொங்கலும் பழையதுமே. அண்மைக் காலத்தில் இவற்றின் வரிசையில் ஓட்ஸ் என்னும் மேனாட்டுத் தானியமும் வந்து அமர்ந்துவிட்டது. சிற்றூர் மளிகைக் கடையிலும் இன்று அதன் பொட்டலத்தைக் காண்கிறோம். வீட்டில் ஒருவருக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது எனப் பரிசோதனைச் சீட்டு அறிவித்துவிட்டால் போதும். மறுநாள் காலையிலேயே அவருக்கு ஓட்ஸ் கஞ்சி தயாராகிவிடுகிறது. பருகுபவர் முகத்தைச் சுளித்தாலும், அதை ஆக்கித் தருபவர் உள்ளத்தில், ‘இது இவரைக் காப்பாற்றும்’ என்னும் நம்பிக்கை சுடர்விடுகிறது.

இந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு? ஒரு கிண்ணம் கஞ்சி இதயத்திற்குச் செய்யும் நன்மை யாது? அது செய்ய இயலாதது யாது? இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி நமக்குப் பொழுதுபோக்கிற்கு உரியதன்று. 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004ஆம் ஆண்டு வெளியான ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வு, மாரடைப்பின் காரணங்களைத் தொகுத்து ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளிவந்த ஆய்வுரை, தென் ஆசிய மக்களை முதல் மாரடைப்பு ஏனைய நாட்டவரைக் காட்டிலும் ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகிறது என எடுத்துக்காட்டியது. பிள்ளைகள் படிப்பை முடிக்கும் முன்னரே, மகளின் திருமணக் கடன் தீரும் முன்னரே, குடும்பத்தைத் தாங்கும் தூண் சாய்ந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்துள்ளது. எனவே கஞ்சிக் கிண்ணத்தைப் பற்றிய உண்மையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

குதிரைத் தீவனமா, மனிதர் உணவா?

ஓட்ஸ், குளிரும் ஈரமும் மிகுந்த நிலத்தில் செழித்து வளரும் புல்லினத் தானியம். கோதுமை விளைய மறுக்கும் மண்ணிலும் இது விளையும். இங்கிலாந்தின் வடக்கேயுள்ள ஸ்காட்லாந்து நாட்டில் வெயில் குறைவு, மழை மிகுதி. ஆகவே அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாக ஓட்ஸையே முதன்மை உணவாகக் கொண்டனர். 1755ஆம் ஆண்டு வெளியான தமது புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தார் குதிரைக்கு இடும் தானியத்தை ஸ்காட்லாந்தார் உண்கின்றனர் என்று கேலி தொனிக்க எழுதி வைத்தார். நம் நாட்டிலும் ஓட்ஸ் வட மாநிலங்களில் பெரிதும் கால்நடைத் தீவனமாகவே பயிரிடப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் பழைய குடியானவர் வீட்டுக் கஞ்சி மிக எளியது. ஓட்ஸ் மாவு, தண்ணீர், சிறிது உப்பு; இவ்வளவே. நம் பெண்கள் களி கிண்டுவதற்குத் துடுப்பைப் பயன்படுத்துவது போல, அவர்களும் ‘ஸ்பர்ட்டில்’ என்னும் மரக் கோலால் அதைக் கட்டி தட்டாமல் கிளறுவர். 1994 முதல் அந்நாட்டின் கார்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் கஞ்சி காய்ச்சுவதற்கென்றே உலகப் போட்டியும் நடைபெற்று வருகிறது. வெல்பவருக்குப் பரிசு, பொன்வண்ணக் கஞ்சிக் கோல்!

கடையில் நாம் வாங்கும் ஓட்ஸ் எவ்வாறு உருவாகிறது? கதிரடித்து எடுத்த மணியின் உமி முதலில் நீக்கப்படுகிறது. ஓட்ஸில் கொழுப்புச் சத்து ஏனைய தானியங்களைவிடச் சற்று மிகுதியாதலால், அது சிக்கு நாற்றம் கொள்ளாதிருக்க நீராவியில் சூடேற்றுகின்றனர். அம்மணியை எஃகுக் கத்திகளால் இரண்டு மூன்றாக வெட்டினால் கிடைப்பது ஓட்ஸ் நொய். அவித்து, உருளைகளுக்கு இடையே நசுக்கினால் கிடைப்பது ஓட்ஸ் அவல். நாம் பெரும்பாலும் வாங்குவது இந்த அவலையே. அதனை இன்னும் மெல்லியதாக நசுக்கியும் பொடித்தும், வெந்நீர் ஊற்றிய மாத்திரத்தில் உண்ணத்தக்கதாகச் செய்தது உடனடி ஓட்ஸ்.

குடலில் நிகழும் விந்தை

இனி, இத்தானியத்திற்கும் இதயத்திற்கும் என்ன தொடர்பு எனக் காண்போம்.

கொலஸ்ட்ரால் என்பது நம் உடலுக்குப் பகையான பொருள் அன்று. உயிரணுக்களின் சுவர்களைக் கட்டவும், சில சுரப்புநீர்களை ஆக்கவும் அது தேவை. நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கல்லீரலும் ஏனைய உறுப்புகளுமே உண்டாக்கிக்கொள்கின்றன. ஆனால் எல்.டி.எல். என்னும் துகள்களில் ஏறி இரத்தத்தில் சுற்றிவரும் கொலஸ்ட்ரால் அளவுக்கு மிஞ்சும்போது, அது இரத்தக் குழாய்களின் உட்சுவரில் சிறிது சிறிதாகப் படிகிறது. வருடங்கள் செல்லச் செல்ல அப்படிவு தடித்துக் குழாயைக் குறுக்குகிறது. ஒரு நாள் அப்படிவின் மேல்தோல் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து, இதயத் தசைக்குச் செல்லும் வழியை முற்றிலும் அடைத்துவிடுகிறது. அதனையே மாரடைப்பு என்கிறோம்.

ஓட்ஸில் ‘பீட்டா குளுக்கான்’ என்றொரு நார்ச்சத்து உண்டு. கீரைத் தண்டில் உள்ள நார் போன்று கண்ணுக்குப் புலப்படும் நார் அன்று இது, நீரில் கரைவது. ஓட்ஸ் கஞ்சி ஆறியதும் கொழகொழவென்று ஆகிறதே, அக்கொழகொழப்பைத் தருவது இதுவே. நம் குடலிலும் இது கூழ்போல் பரவுகிறது.

கொழுப்பைச் செரிக்கும் பொருட்டுக் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அந்நீரிலுள்ள பித்த அமிலங்கள் கொலஸ்ட்ராலிலிருந்தே ஆக்கப்படுபவை. சிக்கனமான இல்லத்தலைவி ஒரு பாத்திரத்தைக் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவது போல, நம் உடல் அவ்வமிலங்களைக் குடலின் கடைப்பகுதியில் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவைக்கிறது. இங்கேதான் ஓட்ஸின் கூழ் குறுக்கிடுகிறது. பித்த அமிலங்களுள் ஒரு பகுதியைத் தன்னுள் சிக்கவைத்து மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது. இழந்ததை ஈடு செய்யக் கல்லீரல் புதிய பித்த அமிலங்களை ஆக்கியாக வேண்டும். அதற்கு வேண்டிய கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எல்.டி.எல். அளவு குறைகிறது.

கல்லீரல் எவ்வாறு இழுத்துக்கொள்கிறது? அதன் உயிரணுக்களின் புறத்தே எல்.டி.எல். துகள்களைப் பற்றிக்கொள்ளும் ‘வாங்கிகள்’ உள்ளன. இவற்றைக் கண்டறிந்து விளக்கிய அமெரிக்க விஞ்ஞானிகளான மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1985இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஓட்ஸ் கஞ்சியைப் பருகும்போது இவ்வாங்கிகளின் வேலை கூடுகிறது எனலாம்.

ஏறிய புகழும் இறங்கிய புகழும்

ஓட்ஸின் இவ்வாற்றல் ஒரே நாளில் நிலைநாட்டப்பட்டதன்று. 1963ஆம் ஆண்டு நெதர்லாந்து விஞ்ஞானி டி குரூட்டும் அவர்தம் உடன் ஆய்வாளர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். ஆடவர் சிலருக்கு மூன்று வாரங்கள், நாளொன்றுக்கு 140 கிராம் ஓட்ஸ் அவல் சேர்த்துச் சுட்ட ரொட்டியைக் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது. அப்போது இதனைப் பலர் கண்டுகொள்ளவில்லை.

பின்னர், அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கொலஸ்ட்ரால் மிகுந்த நோயாளிகளுக்கு நாள்தோறும் 100 கிராம் ஓட்ஸ் தவிடு கொடுத்து ஆராய்ந்து, 1980களில் நற்பயன்களை அறிவித்தார். 1987இல் ராபர்ட் கோவால்ஸ்கி என்னும் மருத்துவ எழுத்தாளர், எட்டு வாரங்களில் கொலஸ்ட்ராலை வெல்லும் வழி இதுவென்று ஒரு நூல் எழுதினார். அவர் மாரடைப்புக்கு ஆளாகி, இருமுறை இதய அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். அந்நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அமெரிக்க மக்கள் ஓட்ஸ் தவிட்டிற்காகக் கடைகளை முற்றுகையிட்டனர். வணிகர்கள் சும்மா இருப்பார்களா? அப்பத்திலும் ரொட்டியிலும் மட்டுமின்றி, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலிலும் ஓட்ஸ் தவிட்டைத் தூவி, ‘இதயத்திற்கு இதம்’ என்று விற்கலாயினர்!

1990 ஜனவரியில் பேரிடி ஒன்று விழுந்தது. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் நலமுள்ள இருபது பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு, ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ வெளியாயிற்று. ஓட்ஸ் தவிடு உண்டபோதும், நார்ச்சத்துக் குறைந்த கோதுமைப் பண்டம் உண்டபோதும், அவர்களது கொலஸ்ட்ரால் ஒரே அளவில்தான் குறைந்தது. இருவகை உணவும் வயிற்றை நிரப்பி, கொழுப்பான உணவிற்கு இடமில்லாமல் செய்ததே காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். நேற்று வரை ஓட்ஸைத் தலைமேல் தூக்கி வைத்தவர்கள் இன்று கீழே போட்டு மிதித்தனர். விற்பனை சரிந்தது.

ஆயினும் உண்மை இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே இருந்தது. இருபது பேர், அதுவும் கொலஸ்ட்ரால் மிகாதவர்கள், ஒரு தானியத்தின் வழக்கைத் தீர்த்துவிட முடியுமா? 1992இல் பல பரிசோதனைகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தபோது, ஓட்ஸ் கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைப்பது மெய்யென்றும், தொடக்கத்திலேயே கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு அப்பயன் கூடுதலென்றும் தெளிவாயிற்று. ஓட்ஸ் நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்தை ஆராய்ந்த அமெரிக்க உணவு, மருந்துத் துறை, நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், செறிவுற்ற கொழுப்புக் குறைந்த உணவோடு சேரும்போது இதய நோயின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் எனப் பொட்டலங்களில் அச்சிட 1997இல் இசைவளித்தது. 2014இல் 28 பரிசோதனைகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வும் இதே அளவினால் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் குறைகிறது என்று கண்டது.

பத்து மில்லிகிராம்! எல்.டி.எல். 160 இருப்பவருக்கு அது 150 ஆகும். ஏமாற்று வித்தை என்று இகழவும் இயலாது. நோய் ஒழிந்தது என்று கொண்டாடவும் இயலாது. சிறிய நன்மை, ஆனால் மெய்யான நன்மை.

கஞ்சி நாட்டின் கண்ணீர்

இவ்விடத்தில் நாம் மீண்டும் ஸ்காட்லாந்துக்குச் செல்ல வேண்டும். கஞ்சி ஒன்றே இதயத்தைக் காக்கும் என்றால், தலைமுறை தலைமுறையாகக் கஞ்சி உண்ட அந்நாட்டில் மாரடைப்பு அரிதாக இருக்க வேண்டுமன்றோ? நிகழ்ந்ததோ நேர்மாறு. உலக சுகாதார நிறுவனம் 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக் காலம், 21 நாடுகளில் ‘மோனிகா’ என்னும் பெயரில் ஓர் ஆய்வு நடத்தியது. அதில், மாரடைப்பு மிகுந்த இடங்களின் வரிசையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் முன்னணியில் நின்றது. பெண்களைப் பொறுத்தமட்டில் அந்நகரே முதலிடம் பெற்றது.

காரணம் என்ன? எளிய கஞ்சிக் கிண்ணம் அந்நகர மக்களின் வாழ்வில் தன் இடத்தை இழந்துகொண்டிருந்தது. உண்டவர்களும் அதற்குப் பின் என்ன உண்டார்கள் என்று பார்க்க வேண்டும். கொழுப்பு மிகுந்த இறைச்சி, வெண்ணெய், பொரித்த பண்டங்கள், மிகுந்த உப்பு. காய்கனிகளோ மிகக் குறைவு. அவற்றோடு புகைப்பழக்கமும் வறுமையும் கைகோத்து நின்றன. காலையில் கஞ்சி செய்த நன்மையை மீதி நாள் முழுவதும் அழித்துவிட்டது.

இதே காலத்தில் மற்றொரு குளிர் நாட்டில் நடந்ததைக் காண்போம். பின்லாந்தின் கிழக்கெல்லையில் வடக்குக் கரேலியா என்னும் மாவட்டம் உள்ளது. காடும் ஏரியும் பாற்பண்ணையும் நிறைந்த பகுதி. கம்புபோல் கறுத்த ரை ரொட்டியும் தானியக் கஞ்சியும் அவர்களுக்குப் புதியவை அல்ல. ஆயினும் 1960களில், உழைத்து உரமேறிய மரவெட்டிகளும் உழவர்களும் நடுவயதிலேயே மாரடைப்பினால் மடிந்துகொண்டிருந்தனர். அக்காலத்தில் ஆய்வு செய்யப்பட்ட பகுதிகளுள் இதய நோய்ச் சாவு மிக மிகுந்திருந்தது அங்கேதான். விதவைகளும் தந்தையை இழந்த பிள்ளைகளும் பெருகினர். பொறுக்கமாட்டாத மக்கள் 1971இல் தம் அரசிடம் முறையிட்டனர். மறு ஆண்டே பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது.

அவர் மக்களுக்குப் புதிய மருந்தெதையும் கொண்டு வரவில்லை. அவர்களது சாப்பாட்டு மேசையை உற்று நோக்கினார். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ரொட்டியில் வெண்ணெயைத் தடித்துப் பூசி உண்டனர். பால் கொழுப்பு நீக்காத பால். உணவில் உப்பு மிகுதி. ஆடவருள் பாதிப்பேர் புகைப்பவர்கள். இவற்றை மாற்ற அவர் நாடியது யாரை? இல்லத்தரசிகளை! பின்லாந்தில் 1899இல் தோன்றிய ‘மார்த்தா’ என்னும் இல்லப் பெண்டிர் அமைப்பு ஒன்றுண்டு. விவிலியத்தில் விருந்தோம்பலில் பரபரப்பாய் இருந்தாரே, அந்த மார்த்தாவின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. அதன் உறுப்பினர்கள் ஊர் ஊராக ‘நீடு வாழ்வு விருந்து’ நடத்தினர். பழகிய பதார்த்தங்களையே வெண்ணெய் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்து, ஊரார்க்குப் பரிமாறிக் காட்டினர். நாளடைவில் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் வந்தது, பால் ஆடை நீக்கப்பட்டது, பாற்பண்ணையாளர் சிலர் பழச் சாகுபடிக்கு மாறினர், புகைப்பழக்கம் குறைந்தது.

பயன்? முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள், வடக்குக் கரேலியாவில் உழைக்கும் வயதிலுள்ள ஆடவரிடையே இதய நோய்ச் சாவு எண்பது விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. என்னே மாற்றம்!

ஸ்காட்லாந்தும் பின்லாந்தும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே. இதயத்தின் விதியை நிர்ணயிப்பது, தட்டில் நாம் புதிதாகச் சேர்க்கும் ஒரு பண்டம் மட்டும் அன்று. தட்டிலிருந்து நாம் எதை எடுத்துவிடுகிறோம் என்பதும் ஆகும்.

நம் அடுக்களையில்

நிற்க. நம் வீடுகளில் ஓட்ஸை எவ்வாறு பயன்படுத்துவது எனக் காண்போம்.

முதலாவது, அளவு. மூன்று கிராம் பீட்டா குளுக்கான் கிடைக்கச் சுமார் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் தேவை. நாம் ஒரு வேளைக்குக் காய்ச்சும் ஒரு கிண்ணக் கஞ்சியில் பெரும்பாலும் 40 கிராம்தான் இருக்கும். அதாவது தேவையில் பாதி. மீதியை மாலைச் சிற்றுண்டியிலோ, சப்பாத்தி மாவிலும் அடை மாவிலும் பொடித்துக் கலந்தோ ஈடு செய்யலாம். பிடியளவு ஓட்ஸை ஒரு குவளைப் பாலில் கரைத்துவிட்டு, ‘நானும் ஓட்ஸ் உண்கிறேன்’ என்று கூறுவதால் பயன் சிறிதே.

இரண்டாவது, வகை. நொய்யும் தடித்த அவலும் மெல்லச் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையை மெல்ல ஏற்றும். உடனடி ஓட்ஸ் விரைந்து ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் இதை நினைவிற்கொள்ளல் வேண்டும். மசாலாச் சுவையூட்டிய சிறு பொட்டலங்களில் உப்பும், பழச் சுவையூட்டியவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்த பின்னரே வாங்குங்கள். ஒன்றும் கலவாத ஓட்ஸை வாங்கி, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, காரட், பீன்ஸ் சேர்த்து உப்புமாவாகக் கிளறலாம். மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கஞ்சியாகவும் பருகலாம். நம் நாவுக்கு இது நன்கு ஒத்துவரும். நெய்யையும் சர்க்கரையையும் தாராளமாக வார்த்தால், கஞ்சியின் நன்மை அவற்றிலேயே மூழ்கிப் போகும்.

மூன்றாவது, ஓட்ஸ் வாங்க வசதியற்றவர்களும் அதன் சுவையை விரும்பாதவர்களும் வருந்த வேண்டுவதில்லை. காய்ச்சலுக்கும் நீர்க்கடுப்புக்கும் நம் பாட்டிமார் காய்ச்சித் தந்த பார்லிக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். அதே பீட்டா குளுக்கான் பார்லியிலும் நிறைய உண்டு. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, அவரை, வெண்டை, கொய்யா ஆகியவற்றிலும் கரையும் நார்ச்சத்து அடங்கியுள்ளது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் அவற்றுக்கே உரிய நன்மைகள் உண்டு. தீட்டிய வெள்ளரிசியைவிட அவை மேலானவை.

நான்காவது, பழக்கம். நார்ச்சத்தைத் திடீரென்று மிகுத்தால் வயிறு உப்புசம் கொள்ளும். சிறிதாகத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் கூட்டுங்கள். தண்ணீரும் போதிய அளவு பருகுங்கள். கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத நோயுடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஓட்ஸ் உண்ணலாகாது. ஆலைகளில் ஓட்ஸுடன் கோதுமை கலந்துவிடுவது வழக்கம்.

இன்னொன்றையும் இல்லத்தலைவியர்க்குச் சொல்ல விழைகிறோம். பல வீடுகளில் ஓட்ஸ், நோயுற்றவருக்கெனத் தனிப் பாத்திரத்தில் வேகிறது. மற்றவர்களுக்கு வழக்கம்போல் வடையும் பூரியும். நோயாளியோ காலையில் கஞ்சியைத் தண்டனைபோல் விழுங்கிவிட்டு, நண்பகலில் எல்லாருடனும் அமர்ந்து குவியல் சோறும் பொரியலும் அப்பளமும் உண்கிறார். மாலையில் ஒருமுறை பொரித்த எண்ணெயிலேயே மறுமுறையும் பொரித்த பண்டங்கள். தந்தைக்கு இன்று வந்த நோய், அதே உணவை உண்டு வளரும் மகனுக்கு நாளை வராது என்று யார் உறுதி கூற முடியும்? பின்லாந்து மாதர் தனிப் பாத்திரம் வைக்கவில்லை. குடும்பத்தின் பொதுப் பாத்திரத்தையே மாற்றினர். எண்ணெயைக் குறைத்தல், சோற்றைச் சுருக்கிக் காயையும் பருப்பையும் கூட்டுதல், ஊறுகாயையும் அப்பளத்தையும் அரிதாக்குதல் ஆகியவை அனைவர்க்கும் பொதுவாகட்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இறுதியாக, உயிரைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. ‘ஓட்ஸ் உண்ணத் தொடங்கிவிட்டேன், இனி மாத்திரை எதற்கு?’ என்று கருதித் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்தின் மீது அச்சமும், உணவின் மீது அளவற்ற நம்பிக்கையும் இதற்குக் காரணம். கணக்கை மட்டும் பாருங்கள். ஓட்ஸினால் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் குறைவது நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை. ஸ்டாட்டின் வகை மாத்திரைகளால் குறைவதோ, அளவிற்கேற்ப நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை. ஒருமுறை மாரடைப்பு கண்டவரும், இதயக் குழாயில் உலோகச் சுருள் வைத்தவரும், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிகுந்தவரும் கஞ்சியை நம்பி மாத்திரையைக் கைவிடுவது, ஓட்டைப் படகில் துடுப்பையும் எறிந்துவிடுவதற்கு ஒப்பாகும். மாத்திரையால் தசைவலி முதலிய தொல்லை தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். அளவையோ வகையையோ அவர் மாற்றித் தருவார். கஞ்சியும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம்.

அவ்வாறே, நெஞ்சில் அழுத்தமும், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலியும், காரணமற்ற வியர்வையும் மூச்சுத் திணறலும் கண்டால், வாய்வு என்று கருதிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அவ்வேளையில் எந்தத் தானியமும் உதவாது; காலம் ஒன்றே உயிர் காக்கும்.

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. ஓட்ஸ் கஞ்சியோ மருந்தும் அன்று, விருந்தும் அன்று, அன்றாட உணவு. ஆகவே மூன்று நாளில் அதன் பயனைத் தேடாதீர்கள். ஆறு வாரமேனும் இடைவிடாது உண்டு, பின்னர் மீண்டும் இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பதும், புகையிலையை அறவே விலக்குவதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருப்பதும் அக்கிண்ணத்திற்குத் துணை நிற்கட்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடித்து நமக்காக ஓயாது உழைக்கும் இதயத்திற்கு, நாமும் நாள்தோறும் சிறிது உழைத்தல் நியாயமேயன்றோ?